சிறுநீர்ப்பை வலிக்கு நீண்டகால நரம்புத் தூண்டல் சிகிச்சை: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் பிசியோதெரபி வேலை செய்கிறவள். முதுகு வலி, முழங்கால் வலி என்று வருகிற பெண்களில் சிலர், எல்லாம் முடிந்து எழுந்து போகும்போது கதவருகே நின்று, "மிஸ், இன்னொன்னு கேக்கணும்" என்று தயங்குவார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் அடிவயிற்று வலியும் அடிக்கடி ஒன்றுக்குப் போவதும்தான். வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டு, "இடுப்பில மெஷின் வைச்சா சரியாகுமாமே" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் அதற்கு நான் சொன்னவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெண்களுக்கே இந்த வலி அதிகம், ஆனால் ஆண்களுக்கும் வரும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

யூரின் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு ஏன் இந்த வலி?

கிருமி இல்லாமலும் சிறுநீர்ப்பை வலிக்கும். சிறுநீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் வலி, அழுத்தம் அல்லது எரிச்சல் ஏறும். போய் வந்தால் கொஞ்சம் குறையும், அப்புறம் மறுபடியும் ஏறும். இப்படி 6 வாரத்துக்கு மேல் நீடித்து, கிருமியோ வேறு காரணமோ கிடைக்காவிட்டால் டாக்டர்கள் அதைச் சிறுநீர்ப்பை வலி நோய்க்குறி என்கிறார்கள். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ் என்பது அதன் பழைய பெயர், இன்றும் புழக்கத்தில் உள்ளது. சிலருக்குச் சிறுநீர்ப்பையின் உள்சுவரில் புண் போன்ற சிவந்த திட்டுகள் இருக்கும். அமெரிக்க டாக்டர் கை ஹன்னர் நூறு வருடங்களுக்கு முன்பே அவற்றை விவரித்து எழுதினார், அதனால் ஹன்னர் புண் என்றே பெயர். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கேமரா விட்டுப் பார்த்தாலும் அப்படி எதுவும் தெரியாது.

ஆகவே ரிப்போர்ட் சுத்தமாக இருப்பதால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. அதே நேரம், ரிப்போர்ட் சுத்தம் என்று தெரிந்த பிறகும் "எதற்கும் இருக்கட்டும்" என்று திரும்பத் திரும்ப ஆண்டிபயாடிக் வாங்கிக் குடிக்காதீர்கள். டவுனில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி அப்படியேதான் இருந்தது, வயிறுதான் கெட்டது.

ஒன்று மட்டும் கவனம். இந்த நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் கல், சர்க்கரை வியாதி, காசநோய், கருப்பைப் பிரச்சினைகள், புற்றுநோய் ஆகியவை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், ஒரே ஒரு தடவை என்றாலும், அதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

உடம்புச் சூடுதான் காரணம் என்கிறார் மாமியார். மலையில் ஒன்றுக்குப் போகாமல் அடக்கி வைப்பதால் வருகிறதா?

ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. சிறுநீர்ப்பையின் உட்பூச்சு பழுதாவது, அங்குள்ள நரம்புகள் அளவுக்கு மீறிக் கூருணர்வு கொள்வது, இடுப்படித் தசைகள் இறுகிப் போவது என்று பல சேர்ந்து வருகின்றன. பாதிச் சிறுநீர்ப்பைகூட நிறையாதபோதே மூளைக்கு "போ, போ" என்று செய்தி போகிறது. காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு நேரம் தப்பி நடு இரவிலும் ஊதிக்கொண்டே இருந்தால் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யார் தூங்க முடியும்? அப்படித்தான் இதுவும்.

அடக்கி வைப்பதுதான் இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வலி வந்த பிறகு அது நிலைமையை மோசமாக்குகிறது, அதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். காலையில் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறினால், மத்தியானம் எடை போடும் கொட்டகையான மடுவத்துக்குக் கொழுந்து நிறுக்க வரும்வரை போவதற்கு இடம் இல்லை. அதனால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர் தடித்து, மஞ்சளாகி, எரிச்சல் கூடுகிறது. கழிவறை இல்லாத மலையில் ஒரு பெண்ணை நாள் முழுக்க நிறுத்திவிட்டு "தண்ணி நிறையக் குடி" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. தோட்ட நிர்வாகத்திடமும் சங்கத் தலைவரிடமும் கழிவறை கேட்பதும் இந்த நோய்க்கான வைத்தியத்தில் சேர்த்திதான்.

தேத்தண்ணியை விடணுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும். தேத்தண்ணி, கோப்பி, சோடா, தேசிக்காய், தக்காளி, கொச்சிக்காய் ஆகியவை பலருக்கு வலியைக் கிளப்பும். காலையில் ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் சாயத் தண்ணியுமாகத்தான் இங்கே பாதிப் பேரின் சாப்பாடு நடக்கிறது.

எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்தபோது வலி ஏறியதோ அதை மட்டும் குறைத்தால் போதும். ஒருத்திக்குத் தேத்தண்ணி ஆகாது, இன்னொருத்திக்குத் தேத்தண்ணி ஒன்றும் செய்யாது, தக்காளிதான் ஆகாது. பக்கத்துக் காம்பராக்காரி சொன்ன பத்தியத்தை அப்படியே பிடிக்காதீர்கள்.

நரம்புத் தூண்டல் என்றால் என்ன? கரண்ட் வைப்பதா?

ஆமாம், மிக மெல்லிய மின்சாரம்தான். சிறுநீர்ப்பைக்கும் இடுப்படித் தசைகளுக்கும் போகும் நரம்புகள் முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. அங்கே முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது, அதில் சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டு. மூன்றாவது துவாரம் வழியாக வரும் நரம்புக்குச் சிறுநீர்ப்பையோடு நெருங்கிய தொடர்பு. அந்த நரம்பை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால், சிறுநீர்ப்பையிலிருந்து மூளைக்குப் போகும் தப்பான செய்திகள் அடங்குகின்றன. ஒரு நரம்புச் செய்தி இன்னொன்றை முதுகுத் தண்டிலேயே தடுக்கலாம் என்ற கருத்தை மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்தார்கள். இந்தச் சிகிச்சையை விளக்கும்போது இன்றும் அதைச் சொல்வார்கள். மூளையும் இதில் பங்கெடுக்கிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் சேர்த்துச் சொல்கின்றன.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணுக்கால் பக்கத்திலிருந்து தூண்டுவது. இதில் உடம்புக்குள் எதையும் வைப்பதில்லை. இன்னொன்று, முதுகடியில் கம்பியும் புட்டத்துத் தோலுக்கு அடியில் சின்னப் பெட்டியும் வைப்பது. நீங்கள் வீடியோவில் பார்த்தது இரண்டாவது.

நேரே மெஷினுக்கே போய்விடலாமா? ஏன் சுற்றி வளைக்கணும்?

மெஷின் வைப்பது ஆபரேஷன். அதைவிட இலேசான வழிகளிலேயே நிறையப் பேருக்குக் குணம் தெரிகிறது, ஆகவே முதலில் அவற்றைப் பார்ப்பதுதான் ஒழுங்கு.

சாப்பாட்டு மாற்றம் பற்றி மேலே சொன்னேன். அடுத்தது என் வேலையோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வலி உள்ளவர்களில் பலருக்கு இடுப்படித் தசைகள் கல் மாதிரி இறுகியிருக்கும். வலிக்குப் பயந்து பயந்து உடம்பே பிடித்து வைத்துக்கொள்கிறது. இவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. இணையத்தில் சொல்லப்படும் இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நீர்க்கசிவு உள்ளவர்களுக்கு நல்லது. இறுகிய தசையோடு வலிப்பவர்கள் அதைச் செய்தால் வலி கூடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு மெல்ல உப்பும்படி மூச்சை இழுக்கும்போது கீழே தசை தானாக இறங்குவதை உணர வேண்டும். முதல் நாளில் பெரும்பாலானவர்களுக்கு அது பிடிபடாது. நான்காவது ஐந்தாவது தடவை வரும்போது "ஆ, இப்ப தெரியுது மிஸ்" என்பார்கள்.

மாத்திரைகளில் அமிட்ரிப்டிலின் அடிக்கடி கொடுக்கப்படுவது. "இது மனநோய் மாத்திரையாமே" என்று பயந்து பாதியில் விட்டவர்கள் பலர். அதிக அளவில் மனச்சோர்வுக்குக் கொடுத்தாலும், குறைந்த அளவில் இரவில் கொடுக்கும்போது நரம்பு வலியைத் தணிக்கத்தான் கொடுக்கிறார்கள். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். மலையில் சரிவில் நிற்கிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் சிறுநீர்ப்பைக்குள் குழாய் வழியாக மருந்து விடுவார்கள். மயக்கம் கொடுத்துக் கேமரா விட்டு உள்ளே பார்ப்பார்கள். ஹன்னர் புண் தெரிந்தால் அதைச் சுட்டோ ஊசி போட்டோ ஆற்றுவார்கள், அதிலேயே பெரிய நிம்மதி கிடைப்பவர்கள் உண்டு. புண் இருப்பது தெரியாமலே ஒருவருக்கு மெஷின் வைத்துவிடக்கூடாது. இத்தனைக்கும் பிறகும் வாழ்க்கை நரகமாக இருந்தால்தான் மெஷின் பற்றிய பேச்சு.

கணுக்கால் சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

உட்புறக் கணுக்கால் மொழிக்கு மூன்று விரல் அளவு மேலே மயிர் போன்ற மெல்லிய ஊசி ஒன்றை ஏற்றி, பாதத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டுக்கும் இடையே மின்சாரம் விடுவார்கள். சரியான இடத்தில் பட்டால் கால் பெருவிரல் தானாக மடங்கும், அல்லது விரல்கள் விசிறி மாதிரி விரியும். 30 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். வாரம் ஒரு தடவையாக 12 வாரம். குணம் தெரிந்தால் அப்புறம் ஏறக்குறைய மாதம் ஒரு தடவை தொடர வேண்டும், நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடும்.

ஊசி இல்லாமல் இரண்டு ஸ்டிக்கரை மட்டும் ஒட்டி, பிசியோதெரபியில் முதுகு வலிக்குப் பயன்படுத்தும் டென்ஸ் மெஷினாலேயே அந்த நரம்பைத் தூண்டும் வழியும் இருக்கிறது. கற்றுக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். நான் ஒட்டுவதற்கு முன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், ஏனென்றால் சரியாக அந்த இடத்தில்தான் அட்டை கடித்துச் சொறிந்த புண் இருக்கும். தோல் ஆறும்வரை ஒட்டக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தாங்களாகச் செய்து பார்க்கக்கூடாது.

எவ்வளவு பலன்? அவசரமாக, அடிக்கடி போவதற்கு இது நன்றாக உதவுகிறது என்பதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. வலிக்கு ஆதாரம் அவ்வளவு இல்லை. ஆய்வுகள் சின்னவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. ஆனால் ஆபத்து மிகக் குறைவு, செலவும் குறைவு. மெஷின் வரை போக நினைப்பவர்கள் இதை முயன்று பார்த்துவிட்டுப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

உடம்புக்குள் வைக்கும் மெஷினை எப்படி வைப்பார்கள்?

ஒரே நாளில் வைத்து முடிக்க மாட்டார்கள். முதலில் பரீட்சை, அதில் தேறினால்தான் மெஷின். இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க இடம் கொடுக்கும் ஆபரேஷன்கள் வேறு அதிகம் இல்லை.

குப்புறப் படுக்க வைத்து, அந்த இடத்தை மரக்கச் செய்து அல்லது இலேசாக மயக்கி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே மூன்றாவது துவாரத்துக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். அதன் நுனியில் நான்கு மின்முனைகள் இருக்கும். இங்கேயும் பெருவிரல் மடங்குகிறதா, ஆசனவாய்த் தசை சுருங்குகிறதா என்று பார்த்துத்தான் இடத்தை உறுதி செய்வார்கள். கம்பியின் மறுமுனை வெளியே வந்து இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டியோடு சேரும். அதோடு வீட்டுக்கு அனுப்புவார்கள். சில நாள் முதல் இரண்டு வாரம், சில இடங்களில் அதற்குக் கொஞ்சம் மேலும் அப்படி இருக்க வேண்டும்.

அந்த நாட்களில் எத்தனை தடவை போனீர்கள், இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள், வலி பத்துக்கு எத்தனை என்று எழுதி வர வேண்டும். எழுத வராதவர்கள் கோடு போட்டால் போதும். ஒரு அக்கா கொழுந்து எடை எழுதித் தரும் துண்டுகளின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தார், நான் பார்த்த கணக்குகளிலேயே சுத்தமானது அதுதான். முன்பிருந்ததைவிடப் பாதிக்குப் பாதியாவது குறைந்திருந்தால் நிரந்தரப் பெட்டியை மேல் புட்டத்தில் தோலுக்கு அடியில் வைப்பார்கள். குறையவில்லை என்றால் கம்பியை எடுத்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கை நேர்மையாக எழுதுங்கள். டாக்டர் இவ்வளவு பாடுபட்டாரே என்று இரக்கப்பட்டுக் குறைத்து எழுதிவிட்டால், குணம் தராத ஒரு பெட்டியை வருடக்கணக்கில் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

உள்ளே ஷாக் அடிக்குமா?

இல்லை. ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் பக்கத்தில் இலேசான தட்டல் அல்லது கூச்சம் போலத் தெரியும். நாளாக ஆக அது பழகிவிடும். வலித்தால் அளவு தப்பாக இருக்கிறது என்று அர்த்தம். கையில் கொடுக்கும் ரிமோட்டால் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம்.

இதனால் வலி அடியோடு போய்விடுமா?

போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது நோயைத் தணித்து வைக்கும் சிகிச்சை. மெஷினை நிறுத்தினால் வலி பெரும்பாலும் திரும்பி வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1997இல் அமெரிக்காவில் இந்த மெஷினுக்கு அனுமதி கிடைத்தது, அடக்க முடியாமல் சிறுநீர் கசிகிறவர்களுக்காக. 1999இல் அடிக்கடி அவசரமாகப் போகிறவர்களுக்கும், அடைப்பு ஏதுமின்றிச் சிறுநீர் இறங்காமல் இருப்பவர்களுக்கும் அது விரிந்தது. சிறுநீர்ப்பை வலிக்கென்று தனியாக அங்கே அனுமதி கிடையாது. வலியோடு அவசரமும் அடிக்கடி போவதும் சேர்ந்திருக்கும்போது, மற்ற வழிகள் பலிக்காதவர்களுக்கு முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. ஆகவே இரவில் எட்டு தடவை எழுகிறவருக்கு இதில் நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது. போவது சாதாரணமாக இருந்து வலி மட்டும் உள்ளவருக்கு நம்பிக்கை குறைவு.

எத்தனை வருடம் தாங்கும்?

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் ஆபரேஷன் நாளைப் பற்றியே கேட்கிறார்கள். அது ஒரு நாளில் முடிந்துவிடும். அப்புறம் வரும் வருடங்கள்தான் பெரிது.

கனடாவில் ஒரு மருத்துவமனை, சிறுநீர்ப்பை வலிக்கென்றே இந்த மெஷின் வைத்தவர்களின் 14 வருட அனுபவத்தை வெளியிட்டது. 78 பேர் பரீட்சைக்குப் போனார்கள், 46 பேர் அதில் தேறி மெஷின் வைத்துக்கொண்டார்கள். அவர்களைச் சுமார் 5 வருடம் கவனித்ததில் 72 சதவீதத்தினருக்குப் பலன் நிலைத்தது. 28 சதவீதத்தினருக்கு மெஷினைக் கழற்ற வேண்டி வந்தது, பெரும்பாலும் பலன் போதாததால். பாதிப் பேருக்கு இடையில் மறுபடியும் ஏதோ ஒரு திருத்த ஆபரேஷன் தேவைப்பட்டது. நூற்றுக்கு எழுபதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் அந்தப் பாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரி இன்னொரு கணக்கு. பழைய மாடல்களில் சில வருடங்களிலேயே தீர்ந்துவிடும், அப்போது பெட்டியை மாற்றச் சின்ன ஆபரேஷன். புதிய மாடல்களில் சார்ஜ் செய்யாதது 10 வருடத்துக்கு மேல் ஓடும் என்கிறார்கள். சார்ஜ் செய்வது 15 வருடமோ அதற்கு மேலோ ஓடும் என்று அனுமதி பெற்றிருக்கிறது, ஆனால் அதற்கு அவ்வப்போது இடுப்பில் சார்ஜரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலில் மண் சரிந்து ரோடும் கரண்டும் அற்றுப்போனபோது நம் பக்கத்தில் எத்தனை லயங்கள் இருட்டில் கிடந்தன என்று உங்களுக்குத் தெரியும். எது நல்லது என்று டாக்டர் கேட்கும்போது உங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லுங்கள்.

என்னென்ன தொந்தரவு வரலாம்?

பெட்டி இருக்கும் இடத்தில் வலி. கம்பி இடம் நகர்ந்து பலன் குறைவது. காலில் வேண்டாத துடிப்பு. கிருமி தொற்றுவது சில பேருக்குத்தான், ஆனால் தொற்றினால் பெரும்பாலும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். நாளடைவில் பலன் மங்கலாம். அப்போது மெஷினின் அமைப்பை மாற்றிப் பார்ப்பார்கள், பல தடவை அதிலேயே சரியாகும்.

காயம் சிவந்து சூடாகிச் சீழ் வடிந்தால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், சிறுநீர் வராமல் அடைத்தால், கால் மரத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மெஷின் வைத்தபின் கொழுந்து எடுக்கப் போகலாமா?

போகலாம், உடனே முடியாது. கம்பியைச் சுற்றிச் சதை பிடித்துக்கொள்ளும்வரை, பொதுவாகச் சில வாரங்கள், ஆழமாகக் குனிவது, உடம்பைத் திருகுவது, பாரம் தூக்குவது, கையைத் தலைக்கு மேல் நீட்டி எட்டுவது எல்லாம் கூடாது. கொழுந்து எடுப்பதில் இவை எல்லாமே இருக்கின்றன. தலையில் கயிறு போட்டுக் கூடையை முதுகில் தொங்கவிட்டால் நிறைந்த கூடையின் அடிப்பக்கம் இடுப்பில்தான் வந்து இடிக்கும். எனவே பெட்டியை எந்தப் பக்கம், எவ்வளவு மேலே வைப்பது என்று தீர்மானிப்பதற்கு முன்பே கூடை எங்கே படும் என்று டாக்டருக்குக் காட்டுங்கள். வெறும் கையால் காட்டினாலும் போதும். டவுனில் இருக்கிற டாக்டருக்கு அது தானாகத் தெரிய வாய்ப்பில்லை.

லீவுக்கு மெடிக்கல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிடுவார்களே என்ற பயத்தில் இரண்டாவது வாரமே மலைக்குப் போனால் கம்பி நகர்ந்துவிடும், செய்ததெல்லாம் வீண்.

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா? வேறு சிகிச்சைக்குப் போனால்?

பழைய மாடல் வைத்தவர்களுக்கு எம்ஆர்ஐ தலைக்கு மட்டும், அதுவும் நிபந்தனையோடு. புதிய மாடல்களில் முழு உடம்புக்கும் எடுக்கலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. மெஷினுக்கான அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்தே வைத்திருங்கள்.

என் துறையைச் சேர்ந்த எச்சரிக்கை ஒன்று: டயதெர்மி என்ற சூட்டு மெஷினை உங்கள் உடம்பில் எந்த இடத்திலும் வைக்க விடாதீர்கள். கம்பி வழியாகச் சூடு பரவி நரம்பைக் கருக்கிவிடும். தோள் வலிக்குத்தானே போகிறோம் என்று நினைக்காமல், பிசியோதெரபிக்கு எங்கே போனாலும் முதல் வார்த்தையாக மெஷின் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பிள்ளை பெற நினைக்கிறேன். பாதகமா?

கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் கேட்டு மெஷினை நிறுத்தி வைப்பதுதான் வழக்கம். கல்யாணமான பெண்கள் வைப்பதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக யோசிப்பவர்களும் அப்படித்தான், அங்கே மெஷினை யார் பார்ப்பது என்று இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி, நுவரெலியா மாவட்ட ஆஸ்பத்திரி அல்லது பதுளை பெரியாஸ்பத்திரி, உங்களுக்குக் கிட்ட எதுவோ அது. சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கப் பெரும்பாலும் கண்டிக்கு அனுப்புவார்கள். சோதனைகள், மாத்திரைகள், கேமரா பார்ப்பது, பிசியோதெரபி எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே நடக்கும், காத்திருக்கப் பொறுமை வேண்டும். உடம்புக்குள் வைக்கும் மெஷின் நம் மலையக ஆஸ்பத்திரிகளில் அன்றாடம் செய்யும் சிகிச்சை அல்ல. மெஷினின் விலை மட்டுமே பல இலட்சம் ரூபாய்.

அதனால்தான் சொல்கிறேன், பரீட்சை முடிவு வருவதற்கு முன்னால் நகையை அடகு வைக்காதீர்கள், சீட்டை எடுக்காதீர்கள், சேமலாப நிதியைத் தொடாதீர்கள். தனியார் இடத்திலோ இந்தியாவிலோ செய்ய யோசிப்பவர்கள் காசு கட்டும் முன் கேளுங்கள்: பரீட்சைக்குத் தனியாக எவ்வளவு? தேறாவிட்டால் எவ்வளவு திரும்பும்? மெஷினைச் சீரமைக்கத் தெரிந்தவர் இலங்கையில் யார், எந்த ஊரில், எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருவார்? பேட்டரி தீர்ந்தால் அப்போது யார் காசு கொடுப்பது? இந்த நான்குக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் எவ்வளவு பெரிய டாக்டர் இருந்தாலும் நான் என் தங்கையை அனுப்ப மாட்டேன்.

வீட்டில் யாரும் நம்புவதில்லை. அவர் "நடிக்கிறாள்" என்கிறார். என்ன செய்வது?

அவரையும் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்வேன். உறவின்போது வலிப்பதை, மனைவி தன்னை மறுக்கிறாள் என்று கணவர் எடுத்துக்கொள்கிறார், அங்கேதான் பாதிச் சண்டை. அந்த வலியும் இந்த நோயின் அங்கம் என்று டாக்டர் வாயால் கேட்டால் பல வீடுகளில் பேச்சு மாறுகிறது. இரவில் இஸ்தோப்பை (வீட்டு முன் திண்ணையை) தாண்டி, பனியில், லயக் கோடியில் இருக்கும் கக்கூசுக்கு ஐந்து ஆறு தடவை தனியாக நடக்கிற பெண்ணுக்குத் துணைக்கு ஒருத்தர் டோர்ச் பிடித்தாலே பெரிய உதவி. அறைக்குள்ளேயே ஒரு வாளி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தூக்கம் கெட்டு, வலி ஓயாமல், உயிரே வேண்டாம் என்று தோன்றினால் அதையும் டாக்டரிடமோ மிசியிடமோ (நர்ஸிடமோ) வாய்விட்டுச் சொல்லுங்கள். நாள்பட்ட வலி மனதை அரிக்கும். அதற்கும் மருந்து இருக்கிறது.

பரீட்சையில் தேறவில்லை. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. சிறுநீர்ப்பைச் சுவரில் போடொக்ஸ் ஊசி, வேறு மாத்திரைகள், வேறொரு நரம்பைத் தூண்டுவது என்று பார்ப்பார்கள். சிறுநீர்ப்பையையே எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி, மிகச் சிலருக்குத்தான். அதன் பிறகும் சிலருக்கு வலி போவதில்லை, ஆகவே அதற்கு அவசரப்பட வேண்டாம். தசைப் பயிற்சியையும் சாப்பாட்டுக் கவனத்தையும் விட்டுவிடாதீர்கள், மெஷின் தேறினாலும் தேறாவிட்டாலும் அவை தேவை.

கிளினிக்குக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட் எல்லாம், குடிக்கிற மாத்திரைகளின் கவர். அதோடு மூன்று நாள் கணக்கு: எத்தனை தடவை போனீர்கள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வந்தது, என்ன குடித்தீர்கள், வலி எவ்வளவு. அளக்கப் பழைய பிளாஸ்டிக் போத்தலை வெட்டிக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

டாக்டர் சிங்களத்தில்தான் பேசுவார் என்றால், சிங்களம் தெரிந்த பெண் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். மகனைக் கூட்டிப் போனால் அவன் முன்னால் நீங்கள் பாதியைச் சொல்ல மாட்டீர்கள், அவனும் பாதியைச் சொல்ல மாட்டான். யாருமே கிடைக்காவிட்டால், எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, இரவில் எத்தனை தடவை, இரத்தம் உண்டா இல்லையா என்று முன்கூட்டியே ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கூல் பிள்ளைகளின் டீச்சரோ, டிஸ்பென்சரி மிசியோ எழுதித் தருவார்கள். உள்ளே போனதும் முதலில் அந்தத் துண்டை மேசையில் வையுங்கள்.